மானின் சுவரொட்டி

கறிக்கடையில் சுவரொட்டி கேட்டு வாங்கிய பழக்கம் உள்ளவர்களுக்கு மண்ணீரலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கத்திரிப்பூ நிறம், தட்டையான வடிவம், கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர் என்பார் எங்கள் ஊர்க் கறிக்கடைக்காரர். எறிந்து பார்க்க மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. ரத்தம் ஊறும் என்று பாட்டி அதைத் தணலில் சுட்டு, மிளகும் உப்பும் தூவிக் கொடுப்பாள். இரும்பு வாடைக்கு முகம் சுளித்தால் தலையில் ஒரு குட்டு விழும்.

அந்தச் சாமானை மறுபடி கையில் எடுத்தது கடல் தாண்டி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், 2009ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து விடியற்காலை ஒன்றில். கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு மேல்படிப்புக்குப் போயிருந்தேன். வேட்டைப் பருவத்தில் காட்டோரச் சாவடியில் நிற்க வேண்டும்; வேட்டைக்காரர்கள் பதிவுசெய்யக் கொண்டுவரும் வெண்வால் மான்களிடமிருந்து கொஞ்சம் ரத்தமும் மண்ணீரலில் ஒரு துண்டும் எடுத்துவர வேண்டும்; உண்ணிகள் பரப்பும் பாக்டீரியாவின் மரபணு அதில் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை இதுதான்.

மான் வரும். குடல் வராது. இது எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம். சுட்ட இடத்திலேயே வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, பாரத்தைக் குறைத்துக்கொண்டு இழுத்து வருவதுதான் அங்கே வழக்கம். மண்ணீரல் இரைப்பையின் இடப்பக்கத்தோடு ஒட்டிக் கிடப்பது. இரைப்பை போனால் அதுவும் போயிற்று. நான் கொட்டக் கொட்ட விழித்துக் காத்திருந்த பொருளைக் காட்டுக்குள் பிணந்தின்னிக் கழுகுகள் தின்றுகொண்டிருந்தன. முதல் நாள் மாலை வரை எனக்குக் கிடைத்தவை மார்புக்கூட்டில் தேங்கிய ரத்தம் சில குழாய்கள் மட்டும்தான்.

மறுநாள் ஒருவர் முழு மானோடு வந்தார். வயது எழுபதை நெருங்கும். முட்டிவலி காரணமாகக் குனிந்து குடலெடுக்க முடியவில்லை, பேரன்தான் இழுத்து வண்டியில் ஏற்றினான் என்றார். எனக்கு அவர் முட்டிவலி அன்று பெரிய வரமாகத் தெரிந்தது. வண்டியின் பின்பலகையில் மானைப் புரட்டி, வயிற்றைத் திறந்து கையை விட்டேன். ஆவி பறந்தது. விரலில் தட்டுப்பட்ட கணமே தெரிந்துவிட்டது: சுவரொட்டி. வெளியே எடுத்ததும் சிரித்துவிட்டேன். அவர் காரணம் கேட்டார். பாட்டியின் தணலைப் பற்றிச் சொன்னேன். அவர் மண்ணீரல் தின்றதில்லையாம், நாய்க்குப் போடுவாராம்.

பிறகு குரலைத் தாழ்த்தி, அவர் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டார். முந்தைய கோடையில் அவர் மனைவிக்குக் கடும் காய்ச்சல். தலைவலி, வாந்தி, ரத்தத்தில் வெள்ளணு குறைந்துபோனது. உண்ணிக் கடியால் வந்த எர்லிக்கியா தொற்று என்று டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். “அந்தக் கிருமி இதற்குள் இருக்கிறதா? இருந்தால் இந்தக் கறியைத் தின்னலாமா?”

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. கறியை நன்றாக வேகவையுங்கள்; அறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மான் அறுக்கையில் ரத்தம் பட்டுத் தொற்றியிருக்கலாம் என்ற ஐயம், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமியின் விஷயத்தில், 1990களிலேயே அமெரிக்க மருத்துவர்களுக்கு வந்திருந்தது. முதல் கேள்விக்கு, “பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். முகவரி எழுதிக்கொடுத்தார். அந்த இரண்டு சொற்களின் விலை எனக்கு அப்போது தெரியாது.

அவர் மனைவியைப் படுக்கவைத்த கிருமியின் கதை 1986இல் தொடங்குகிறது. ஆர்கன்சா மாநிலக் கிராமப்புறத்தில் உண்ணிக் கடி பட்ட, டெட்ராய்ட் நகரத்துக்காரரான 51 வயது மனிதர் ஒருவர் கடுமையாக நோயுற்றார். அவர் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது வெள்ளணுக்களுக்குள் கருநீலக் கொத்துகள் தெரிந்தன. பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று நெருக்கி உட்கார்ந்திருக்கும் இந்தக் கொத்துக்கு மருத்துவத்தில் மொருலா என்று பெயர். லத்தீனில் முசுக்கொட்டைப் பழம். ஒருமுறை பார்த்தவர்கள் பெயரில் குறை சொல்ல மாட்டார்கள். முதலில் இதை நாய்களுக்கு வரும் எர்லிக்கியா கேனிஸ் என்றே நினைத்தார்கள். அதே மாநிலத்து ஃபோர்ட் சாஃபி ராணுவ முகாமில் பயிற்சியில் இருந்த ஒருவரின் ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்தெடுத்த பிறகு, இது வேறு என்று தெளிந்து, 1991இல் எர்லிக்கியா சாஃபீன்சிஸ் என்று பெயரிட்டார்கள். ஊர்ப்பெயர் கிருமிக்குப் போனதில் அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன பெருமையோ.

இதைச் சுமப்பது லோன் ஸ்டார் உண்ணி. பெண் உண்ணியின் முதுகில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, நெற்றிப் பொட்டு வைத்தது போல இருக்கும். ஒற்றைப்பொட்டு உண்ணி என்று நான் மனசுக்குள் கூப்பிட்டுக்கொள்வேன். (தமிழ் இந்தப் பூச்சிக்குத் தொழிலையே பெயராக வைத்துவிட்டது: உண்பதால் உண்ணி. பூச்சி என்பதும் தவறு. எட்டுக் கால் உள்ள சிலந்தியின் சொந்தக்காரன்.) முட்டையிலிருந்து வந்த பிறகு அதற்கு வாழ்நாளில் மூன்றே சாப்பாடு. குஞ்சாக ஒரு விலங்கில், இளம் உண்ணியாக இன்னொன்றில், வளர்ந்தபின் மூன்றாவதில். இங்கேதான் சூட்சுமம். இந்தக் கிருமி தாய் உண்ணியிலிருந்து முட்டைக்குப் போவதில்லை. ஒவ்வொரு தலைமுறை உண்ணியும் சுத்தமாகவே பிறக்கிறது. ஏதோ ஒரு விலங்கின் ரத்தத்திலிருந்துதான் கிருமியை வாங்கிக்கொள்கிறது. அப்படியானால் காட்டுக்குள் எந்த விலங்கோ அதை ஆண்டு முழுவதும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நிரந்தர வீடு யார்?

மான் மேல் சந்தேகம் விழுந்ததில் வியப்பில்லை. அந்த உண்ணியின் மூன்று பருவமும் மான் மேல் ஏறும். மான்களோ ஏராளம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதிலும் வெண்வால் மான்கள் சில லட்சங்களாகக் குறைந்துபோயிருந்தன. இன்று சுமார் 3 கோடி. வட ஜார்ஜியா மலைகளில் ஒரு மான்கூட மிஞ்சாத காலத்தில், ஆர்தர் வுடி என்ற வனக்காவலர் 1920களில் தன் கைக்காசில் மான்குட்டிகளை வாங்கி வந்து காட்டில் விட்டார் என்பதை அங்குள்ள வேட்டைக்காரர்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள். மான் திரும்பியது, உண்ணிக்கும் சோறு திரும்பியது.

சந்தேகத்தை நிரூபிப்பது வேறு வேலை. அதை ஆய்வாளர்கள் செய்த விதம்தான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கதை. ஜார்ஜியாவில் வைட்ஹால் என்ற ஆய்வுக் காட்டிலிருந்து ஆண்டுக்கணக்காகச் சேகரித்து உறையவைத்திருந்த மான் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர், இருந்தது. வேறு எதற்கோ எடுத்து, வேறு எதற்கோ வைத்தது. அதை வெளியே எடுத்து எதிர்ப்பொருள் சோதித்தால், அந்தக் காட்டில் ஒற்றைப்பொட்டு உண்ணி குடியேறுவதற்கு முந்தைய மான்களிடம் எர்லிக்கியாவுக்கான தடயம் மிகக் குறைவு; உண்ணி வந்து நிலைத்த பிறகு அது பரவலாகிவிட்டது. உண்ணியின் வருகையைப் பெட்டிக்குள் இருந்த பழைய ரத்தம் பதிவுசெய்து வைத்திருந்தது. ஆய்வகங்களில் உறைபெட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லும்போதெல்லாம் நான் முரண்டு பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் எதிர்ப்பொருள் என்பது கிருமி வந்துபோன காலடித் தடம். மான் என்ற வீட்டில் கிருமி இன்னும் இருக்கிறதா என்று அது சொல்லாது. ஆகவே 1994இல் மானுக்குக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள், தொற்றியது. 1995இல் உண்ணி வழியே ஒரு மானிலிருந்து இன்னொரு மானுக்குக் கடத்திக் காட்டினார்கள். 1997இல் ஜார்ஜியாவின் காட்டு மான்களிலிருந்து உயிருள்ள கிருமியையே நாயின் உயிரணுக்களில் வளர்த்தெடுத்தார்கள். மூன்றும் சேர்ந்த பிறகுதான் மான் அதன் வீடு என்று தலையாட்டினார்கள். என் தலைமுறைக்கு இத்தனை பொறுமை கிடையாது. நாங்கள் பிசிஆர் காலத்துப் பிள்ளைகள்.

பிசிஆர் பற்றிக் கொரோனாவுக்குப் பின் யாருக்கும் அரிச்சுவடி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூக்கில் குச்சி விட்டு எடுப்பதற்கும் மான் மண்ணீரலில் தேடுவதற்கும் கொஞ்சம் தூரம் உண்டு. கடலையளவு துண்டை நறுக்கி, புரதத்தைக் கரைக்கும் நொதியில் போட்டு 56 டிகிரியில் இரவு முழுக்க விட்டால் காலையில் அது செந்நிறக் கஞ்சியாகக் கிடக்கும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்க வேண்டும். பிரித்ததில் கிட்டத்தட்ட எல்லாமே மானின் டிஎன்ஏ. கிருமியுடையது வைக்கோற்போரில் ஊசி. ரத்தச் சிவப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் வினை நடக்காமல் படுத்துவிடும். இவ்வளவு குறைவான கிருமியைப் பிடிக்க ஒரு சுற்றுப் போதாது, இரண்டு சுற்று. முதல் சுற்றில் எர்லிக்கியா வகையறா எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மரபணுத் துண்டைப் பெருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு துளி எடுத்து இரண்டாம் சுற்றில் சாஃபீன்சிஸுக்கு மட்டும் பொருந்தும் பிரைமர்களை, அதாவது பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகளை, போட வேண்டும். வெற்றி என்றால், டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரித்துக்காட்டும் ஜெல்லில் 389 எழுத்து நீளத்தில் ஒரு பட்டை, புற ஊதா வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறத்தில் எரியும்.

முதல் முறை ஜெல்லைப் பார்த்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு மானுக்கும் பட்டை. பளீரென்று. பேராசிரியரைக் கூப்பிடப் போகும்போதுதான் கடைசிக் குழியைப் பார்த்தேன். அதில் நான் போட்டது வெறும் தண்ணீர். தண்ணீருக்கும் எர்லிக்கியா.

இரட்டைச் சுற்றின் சாபம் அது. முதல் சுற்று முடிந்த குழாயின் மூடியைத் திறந்தால், கண்ணுக்குத் தெரியாத துளிகளில் கோடிக்கணக்கான பிரதிகள் காற்றில் ஏறும். ஒன்று 30 முறை இரட்டித்தால் நூறு கோடியைத் தாண்டும் என்பது பள்ளிக் கணக்கு. அதில் ஒரே ஒரு பிரதி அடுத்த குழாயில் விழுந்தால் போதும். கலவை தயாரிப்பது ஓர் அறை, டிஎன்ஏ சேர்ப்பது இன்னோர் அறை, திறப்பது மூன்றாம் அறை என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அவசரத்தில் மூன்றையும் ஒரே மேசையில் செய்தவன் நான். குழாய், பிப்பெட் முனை, கரைசல் எல்லாவற்றையும் தூக்கி எறிந்து, மேசையைப் பிளீச் போட்டுத் துடைத்து, ஆரம்பத்திலிருந்து. இரண்டு வாரம். அன்றுமுதல் எந்த ஆய்வு முடிவைப் பார்த்தாலும் முதலில் என் கண் தேடுவது தண்ணீர்க் குழியைத்தான்.

மறுமுறை தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. முழு மான்காரரின் மண்ணீரல், பொதுச் சுற்றில் பட்டை காட்டியது. எங்கள் படிவத்தில் ஒரே கட்டம்: “எர்லிக்கியா வகை – ஆம் / இல்லை.” ஆம் என்பதைச் சுழித்துத் தபாலில் போட்டேன். சாஃபீன்சிஸ் சுற்று அப்போது முடியவில்லை. வாக்குக் கொடுத்தோமே என்ற அவசரம்.

நான்கு நாளில் போன் வந்தது. அவர் கோபப்படவில்லை, அதைவிட மோசம், நிம்மதியடைந்திருந்தார். மனைவிக்கு நோய் கொடுத்தது தங்கள் தோட்டத்துக்குப் பின்னால் மேயும் மான்கள்தான் என்று இப்போது தெரிந்துவிட்டது. பேரனும் தானுமாக அடுத்த பருவத்துக்குள் முடிந்தவரை சுட்டுத் தீர்க்கப் போகிறார்களாம். நான் வாயடைத்துப்போய், இன்னும் ஒரு சோதனை பாக்கி, பொறுங்கள் என்றேன்.

பாக்கி சோதனையில் அந்த மானுக்கு சாஃபீன்சிஸ் பட்டை வரவில்லை. பொதுச் சுற்றில் கிடைத்த துண்டின் எழுத்து வரிசையைப் படிக்க அனுப்பினோம். வந்த வரிசையைத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டால், அப்போது பெயரே இல்லாத ஒரு கிருமியோடு பொருந்தியது. “வெண்வால் மான் கிருமி” என்று 1990களிலிருந்து ஆய்வாளர்கள் அழைத்துவந்தது. மனிதர்களிடம் யாரும் பார்த்ததில்லை. பிற்பாடு 2013இல்தான் அதற்கு அனாப்ளாஸ்மா ஓடோகோய்லியை என்று முறையான பெயர் வைத்தார்கள். அந்தப் பிக்கப் வண்டியில் கிடந்த மானுக்குள் இருந்தது மானுக்கே உரிய ஒரு குடித்தனக்காரன். நான் “ஆம்” என்று சுழித்தது பொய்யில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

இதோடு போயிற்றா என்றால், இல்லை. அவர் மான் சாஃபீன்சிஸ் சோதனையில் “இல்லை” என்றதையும் அப்படியே நம்ப முடியாது. மான் ரத்தத்தில் கிருமி எந்நேரமும் ஒரே அளவில் சுற்றிக்கொண்டிருப்பதில்லை; இன்று மறைந்து அடுத்த வாரம் தலைகாட்டும். எதிர்ப்பொருள் காட்டும் மான்கள் நிறைய, பிசிஆரில் சிக்கும் மான்கள் கொஞ்சம் என்பது எல்லா இடத்திலும் பார்க்கும் கதைதான். போதாக்குறைக்கு நாங்கள் தேடியது நவம்பரில். ஒற்றைப்பொட்டு உண்ணியின் வளர்ந்த பருவம் வசந்தத்திலும் கோடையிலும்தான் மும்முரம். நவம்பர் மானின் காதிலும் கழுத்திலும் நான் பொறுக்கியவை பெரும்பாலும் கருங்கால் உண்ணிகள், லைம் நோய் பரப்பும் வேறு சாதி. அதாவது, தோலின் மேல் ஓர் உண்ணியின் பருவம், ரத்தத்துக்குள் இன்னொரு உண்ணியின் பழைய கணக்கு.

லைம் நோய் என்றதும் மான் சுடக் கிளம்புபவர்கள் அங்கே ஏராளம். அந்தக் கருங்கால் உண்ணிக்குச் சாதாரணப் பேச்சில் பெயரே மான் உண்ணி. ஆனால் லைம் கிருமியை மான் தன் உடம்பில் வைத்துக்கொள்வதில்லை. 1988இலேயே மசாசூசெட்ஸில் இதைக் காட்டினார்கள்: மான் மேல் ஏறிக் குடித்த உண்ணிகள் அதனிடமிருந்து கிருமியை வாங்குவதில்லை. மான் ரத்தத்தில் உள்ள புரதங்களே அந்தக் கிருமியைக் கொன்றுவிடுகின்றன. கிருமியின் வீடு வெள்ளைக்கால் எலி. அதற்காக மான் நிரபராதி என்று மாலை போட்டுவிடவும் முடியாது. வளர்ந்த பெண் உண்ணி வயிறு புடைக்கக் குடித்து, கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட மானைப்போல் வசதியான பந்தி வேறில்லை. மெய்ன் மாநிலத்தின் மான்ஹீகன் தீவில் 1990களின் கடைசியில் மான்கள் அத்தனையையும் அகற்றிய பிறகு, சில ஆண்டுகளில் அந்த உண்ணிகள் அருகிப்போயின. கிருமியைக் கொல்லும் மானேதான் உண்ணியை வளர்க்கவும் செய்கிறது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அனாப்ளாஸ்மா ஃபாகோசைட்டோஃபிலம். இது 1990களில் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் மனிதர்களிடம் கண்டுபிடிக்கப்பட்ட காய்ச்சலின் கிருமி. மான்களில் பிசிஆர் செய்தால் இதற்கும் “ஆம்” வரும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ராபர்ட் மாசங்கும் உடனிருந்தவர்களும் அந்த “ஆம்”களைப் பிரித்து எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள ஒரு மரபணுவில், மனிதர்களைப் பிடிக்கும் வகைக்கும் மான்களில் கிடைத்த வகைக்கும் இரண்டே எழுத்து வித்தியாசம். ஆய்வகத்தில் மான் வகையை எலிக்குக் கொடுத்தால் தொற்றவில்லை. ஆட்டுக்குக் கொடுத்தால் தொற்றியது. அந்த இரண்டு எழுத்துதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அது ஓர் அடையாளம், மச்சம் மாதிரி. பட்டையின் நீளத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எத்தனை மான்களுக்குத் தங்களுடையதல்லாத பழி விழுந்ததோ.

இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் போனில் சொன்னேன். இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை, திக்கித் திணறித்தான். உங்கள் மனைவியின் கிருமி பொதுவாக மான்களில் குடியிருப்பது உண்மை. நீங்கள் கொண்டுவந்த மானில் எனக்குக் கிடைத்தது அதுவல்ல, மனிதர்களிடம் யாரும் பார்க்காத இன்னொன்று. நோயைக் கொடுத்தது உண்ணி; அது எந்த மானில் குடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பின்தோட்டத்தில் நாலு மானைச் சுடுவதற்குப் பதில் புல்லைக் குட்டையாக வெட்டுங்கள், மாலையில் உடம்பைப் பார்த்து உண்ணியை எடுத்துவிடுங்கள்.

நெடுநேரம் மௌனம். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, “அப்படியானால் எதற்கு ஆம் என்று எழுதினாய்?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. படிவத்தில் வேறு கட்டம் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அன்று மாலையே பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் படிவத்தைக் கணினியில் திறந்து, “ஆம் / இல்லை”யை அழித்துவிட்டு, “எந்தக் கிருமி, எந்தச் சோதனையில்” என்று ஒரு நீள வரியைச் சேர்த்தார். அதற்குப் பிறகு தபால் அனுப்ப மூன்று மாதம் தாமதமானது. வேட்டைக்காரர்கள் திட்டினார்கள்.

அடுத்த நவம்பரில் அவர் மறுபடி சாவடிக்கு வந்தார். முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்து இப்போது நன்றாகக் குனிய முடிகிறது, குடலைக் காட்டிலேயே எடுத்துவிட்டேன் என்றார். எனக்குச் சப்பென்று ஆனது. அதற்குள் பேரன் வண்டிக்குள்ளிருந்து ஒரு ரொட்டிப் பையை எடுத்து நீட்டினான். பையின் மேல் பேனாவால் பெரிய எழுத்தில் தேதி, இடம், பெட்டை மான் என்ற குறிப்பு. எனக்காகத் தேடி எடுத்த மண்ணீரலாம். தாத்தா பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரித்துப் பார்த்தேன். கல்லீரல். கனமாக, பளபளவென்று, பழுதில்லாத கல்லீரல். நன்றி சொல்லி வாங்கி, ஒரு துண்டு நறுக்கிக் குழாயில் போட்டு எண் எழுதினேன். மீதியைச் சமைக்க எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, நாய்க்குப் போடலாம் என்றார்.